பிளக்கில் பெட்ரோல் நனைந்திருக்க, ‘பெட்ரோல் பம்ப் போச்சு’ என்று 12,800 ரூபாய் வாங்கினார்கள்

மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டில் விடிகாலையிலேயே காரை நகர்த்த வேண்டியிருக்கும். வாசலை அடைத்து நிற்கும் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தினால்தான் அம்மா கோலம் போட முடியும். மார்கழி பிறந்து மூன்றாம் நாள் ஐந்தரை மணிக்கு ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் செய்துவிட்டேன். அரை நிமிடம்கூட இன்ஜின் ஓடியிருக்காது. எட்டு மணிக்கு மகளை அரையாண்டுத் தேர்வுக்கு அழைத்துப் போகலாம் என்று சாவியைத் திருகினால், செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

பதற்றத்தில் விடாமல் செல்ஃப் அடித்தேன். பத்து முறையாவது இருக்கும். ஆக்சிலேட்டரையும் விட்டு விட்டு மிதித்தேன். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தது. கடைசியில் பேட்டரியும் இறங்கி, செல்ஃப் முனக ஆரம்பித்தது. மகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன்.

வந்த மெக்கானிக் பானட்டைத் திறந்து இன்ஜினுக்குள் பொறி கொடுக்கும் ஒரு பிளக்கைக் கழற்றினார். அதன் முனை பளபளவென்று நனைந்திருந்தது. அவர் துணியில் துடைத்தபோது துணியில் ஈரம் படர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே, “பெட்ரோல் பம்ப் போயிடுச்சுங்க சார். இன்ஜின் வரைக்கும் பெட்ரோலே வரல” என்றார். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்புவது அந்தப் பம்ப்தான்.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். இதைப் படிக்கிற யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதுவும் தேவைக்கு மேல் வந்திருக்கிறது.

மறுநாள் மாலை வண்டியைக் கொடுத்தார்கள். இழுத்துப் போனதற்கு 1,500, பம்ப் 6,800, நான்கு பிளக் 1,200, இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் பாகம்) கிளீனிங் 1,800, கூலி 1,500. மொத்தம் 12,800 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு, “பில் வேணும்னா ஜிஎஸ்டி தனியா கட்டணும் சார்” என்றார் முதலாளி. பழைய பம்பைக் கேட்டேன். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வண்டி ஓடியதால் நானும் அதோடு விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அதே விடியற்காலை, அதே பத்தடி, அதே எட்டு மணி. மறுபடியும் பிடிக்கவில்லை. புதுப் பம்ப் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத வண்டி!

இந்த முறை எதிர்வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். இன்ஜெக்டர் வருவதற்கு முந்தைய கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் பாகம்) காலத்து ஆம்னியை வாடகைக்கு ஓட்டியவர். முதலில் சைலன்சர் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். அப்புறம் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருகச் சொல்லி, பின் கதவைத் திறந்து காது கொடுத்தார். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘உய்ய்ங்’ என்று இரண்டு நொடிக்கு ஒரு சத்தம் வந்து நின்றது. “பம்ப் நல்லா ஓடுது தம்பி. பெட்ரோல் ஓவராகி பிளக் நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் விடுங்க.”

பத்து நிமிடம் கழித்து, ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்து, காலை எடுக்காமல் செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஐந்து நொடி அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி ஐந்து நொடி. மூன்றாவது முறை இன்ஜின் இருமியது, குலுங்கியது, கரும்புகையோடு பிடித்துக்கொண்டது. பிடித்த உடனே காலைத் தளர்த்தச் சொன்னார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இதில் நடப்பது என்னவென்று அண்ணன் விளக்கினார், பிறகு நானும் தேடிப் படித்தேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் வண்டியில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கிவிடும். பிளக் முனை நனைந்தால் மின்சாரம் தாவிப் பொறியாக வராமல் ஈரத்தின் வழியாகக் கசிந்துவிடும். அதற்கு மேல் நாம் செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் பெட்ரோல்தான் சேரும். சாதாரணமாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும்; பெட்ரோல் மிஞ்சினால் இன்ஜின் பிடிக்காது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்டர் வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். உள்ளே தேங்கியது காய்ந்துவிடும். பழைய மாருதி 800 போன்ற கார்பரேட்டர் வண்டி என்றால் காற்றைக் குறைக்கும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே தடவை மெதுவாக, தரை வரைக்கும் மிதித்து அப்படியே வைத்திருக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்.

ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இதெல்லாம் பெட்ரோல் ஓவரானதற்கு மட்டும். வண்டி மழைவெள்ளத்தில் மூழ்கியிருந்தால் சாவியையே தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். 2015இலும் 2023இலும் டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும்.

சரி, பம்ப் கதைக்கு வருகிறேன். என் வண்டியில் பம்ப் பின் சீட்டுக்கு அடியில், ஒரு தகர மூடிக்குள் இருக்கிறது. அண்ணன் சீட்டைத் தூக்கினார். மூடி முழுக்கக் கெட்டியாகப் புழுதி. நான்கு ஸ்க்ரூவிலும் துரு. ஒரு ஸ்க்ரூவின் தலைமேல் புழுதியோடு ஒட்டிக் கிடந்தது ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனா மூடி. என் மகள் யுகேஜி படித்தபோது தொலைத்துவிட்டு அழுத பேனாவின் மூடி அது. அவள் இப்போது நாலாம் வகுப்பு. பம்பின் தகர மூடியை யாரும் திறக்கவே இல்லை. பிளக்கை மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள். ஒன்றரை நாள் சும்மா நின்றதில் உள்ளே இருந்த பெட்ரோல் காய்ந்து, புதுப் பிளக்கில் வண்டி பிடித்திருக்கிறது. அதற்குத்தான் 12,800.

போட்டோ எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். “மூடியைத் திறக்காமலேயே மாத்தலாம் சார்” என்றார் முதலாளி. எப்படி என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு வண்டிக்காரர் வந்ததும் அவரிடம் பேசப் போய்விட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் பழைய பம்பைக் கையோடு வாங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒர்க்‌ஷாப்பில் எதை மாற்றச் சொன்னாலும், “பழசை எடுத்து வைங்க, நான் வாங்கிக்கிறேன்” என்று வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். ஆயில் ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. அத்தனை முறை செல்ஃப் அடித்ததில் எரியாத பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலில் கலந்திருந்தது. அப்படியே ஓட்டினால் ஆயில் நீர்த்து இன்ஜின் தேயும். வேறு இடத்தில் என் கண் முன்னாலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரைக் கையோடு வாங்கி வந்தேன்.

இப்போது விடிகாலையில் நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதில்லை. நியூட்ரலில் வைத்து, ஸ்டியரிங் லாக்கை மட்டும் எடுத்துவிட்டு, நானும் எதிர்வீட்டு அண்ணனும் தள்ளிவிடுகிறோம். எங்கள் தெரு சமதரைதான். பத்தடி தள்ள ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அம்மா கோலப்பொடியோடு காத்து நிற்கிறார்.