கண்புரை அறுவை: லேசரைவிட லென்ஸைப் பற்றிக் கேளுங்கள்

கண்புரைக்கு அறுவை என்று முடிவானதும் பலரும் முதலில் கேட்பது, "லேசரா, சாதாரணமா?" என்றுதான். அதற்கு இவ்வளவு கவலை தேவையில்லை. சாதாரணம் எனப்படும் ஃபேக்கோ முறையில் கண்ணுக்குள் மங்கிய லென்ஸை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கீறல் மூன்று மில்லிமீட்டருக்குள். ஃபெம்டோ லேசர் அதில் சில கட்டங்களை மட்டுமே செய்கிறது. பிறகு ஃபேக்கோ கருவி எப்படியும் உள்ளே போயாக வேண்டும். பிரான்சில் நடந்து 2020-ல் வெளியான ஃபெம்காட் ஆய்விலும் லேசருக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. புரை முற்றி இறுகியிருந்தால், ஆறேழு மில்லிமீட்டர் கீறலில் முழுதாக எடுக்கும் முறையே சில சமயம் பத்திரமானது. பெரும்பாலும் அதற்கும் தையல் கிடையாது.

எடுத்ததற்குப் பதிலாக உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் விஷயம் அப்படியில்லை. வைத்தது பிடிக்கவில்லை என்று மாற்றலாம்தான், ஆனால் அது இன்னொரு அறுவை, முதலாவதைவிடச் சிரமமானது.

மோனோஃபோக்கல் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். படிக்கக் கண்ணாடி வேண்டும். வருகிற ஒளி முழுதும் ஒரே இடத்தில் குவிவதால் காட்சி துல்லியமாக இருக்கும். மல்டிஃபோக்கல், அதே ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. கண்ணாடியைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். ஆனால் பங்கு போட்டால் குறையத்தானே செய்யும்? மங்கல் வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்கு மாதங்கள் போகப் போகப் பழகிவிடும், சிலருக்குப் பழகுவதே இல்லை. இரவில் வண்டி ஓட்டுபவர், விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு உள்ளவர், கண் அழுத்த நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு மோனோஃபோக்கலே மேல் என்பது என் எண்ணம். விலை கூடினால் பார்வையும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

நடுவே, தெளிவாகத் தெரியும் தூரத்தை நீட்டித் தரும் ஈடாஃப் (EDOF) லென்ஸ் இருக்கிறது. தூரமும் கணினித் திரையும் தெரியும். வளையத் தொல்லை பொதுவாகக் குறைவு. பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். டோரிக் லென்ஸ் இவற்றுக்கு மாற்றான தனி வகை அல்ல. அது கருவிழியின் வளைவுக் கோளாறான சிலிண்டர் பவரைச் சரிசெய்வது. மோனோஃபோக்கலிலும் உண்டு, மல்டிஃபோக்கலிலும் உண்டு. உள்ளே சற்றுத் திரும்பிக்கொண்டால் பலன் குறையும். 30 டிகிரி திரும்பினால் பலன் ஏறக்குறைய போய்விடும்.

கிட்டப்பார்வைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படித்துப் பழகியவர்களுக்குத் தூரத்துக்கென மோனோஃபோக்கல் வைத்தால், அந்த வசதி போய்விடும். "நன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன், கெடுத்துவிட்டார்கள்" என்ற புலம்பல் இங்கேதான் பிறக்கிறது. அறுவையில் பிழையில்லை, முன்கூட்டியே பேசவில்லை, அவ்வளவுதான். கிட்டத்துக்கே லென்ஸ் வைத்துத் தூரத்துக்குக் கண்ணாடி போடலாம். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கலாம். இரண்டாவது ஒத்துவருமா என்பதைக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் பார்த்துவிடலாம்.

கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லாசிக் லேசர் சிகிச்சையை முன்பு செய்திருந்தால் அளவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்டால் லென்ஸின் பவர் தவறும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர்களும் மறைக்கக் கூடாது. அறுவையின்போது கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள கருவிழிப்படலம் (ஐரிஸ்) தொளதொளத்துப்போகலாம். எந்த லென்ஸ் வைத்தாலும் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அதன் பின்னுள்ள சவ்வு மங்கலாம். புரை திரும்பிவிட்டதென்று பயப்பட வேண்டாம். யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்கள்.