ஊசியா, காப்பர்-டியா, இம்ப்ளாண்டா: எச்ஐவி கணக்கில் எது தேறியது?

ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் ஏராளமான பெண்களின் கருத்தடை முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் டிஎம்பிஏ என்ற ஹார்மோன் ஊசி. வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அதன் பெரிய வசதி. மாத்திரை அட்டையை ஒளிக்க வேண்டாம். தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளாண்டின் இரண்டு சிறு குச்சிகளோ மேல்கையைத் தொட்டாலே தட்டுப்படும். சந்தைக்குப் போகிற வழியில் ஊசியைப் போட்டுக்கொண்டு, காய்கறிக் கூடையோடு வீடு திரும்பிவிடலாம்.

எச்ஐவி தொற்றும் ஆபத்தைக் கூட்டுகிறது என்ற பழி அந்த ஊசியின் மேல்தான் விழுந்தது. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த 3,790 ஜோடிகளை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. ஹார்மோன் கருத்தடை, அதிலும் பெரும்பாலும் ஊசி, பயன்படுத்திய பெண்களுக்குத் தொற்று ஏறக்குறைய இரு மடங்கு என்றது அது. வேறு சில ஆய்வுகள் அப்படி ஒன்றுமில்லை என்றன. ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆணுறையைக் கைவிட்டிருக்கலாம். கேட்கும்போது அதை ஒப்புக்கொள்ளாமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் குற்றவாளி மருந்தா, ஆணுறை இல்லாமையா?

இந்த முடிச்சை அவிழ்க்க வந்தது எக்கோ ஆய்வு. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாத்தினி நாடுகளில் 12 மையங்கள். 16 முதல் 35 வயது வரையிலான 7,829 பெண்கள். ஊசியா, காப்பர்-டியா, இம்ப்ளாண்டா என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. கருத்தடையைப் போய்க் குலுக்கலுக்கு விடுவதா என்று எனக்கும் முகம் சுளித்தது. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க வேறு நேர்வழி இல்லை.

2019 ஜூனில் முடிவு வந்தது. புதிய தொற்றுகள் 397: ஊசிக் குழுவில் 143, காப்பர்-டியில் 138, இம்ப்ளாண்டில் 116. ஆண்டுக்கு நூறு பெண்களில் 4.19, 3.94, 3.31. இம்ப்ளாண்ட் முந்துவதுபோல் தெரிந்தாலும், புள்ளியியல் கண்ணுக்கு அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 50 சதவீத அளவு வேறுபாட்டைப் பிடிக்கத்தான் அந்த வலை பின்னப்பட்டது, சின்ன மீன் நழுவியிருக்கலாம். கருத்தடையே இல்லாத குழுவும் அதில் கிடையாது. இருந்தும், அதே ஆண்டு ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் ஊசியின் மேலிருந்த எச்சரிக்கையை நீக்கியது சரி என்றே நினைக்கிறேன்.

ஆகவே எச்ஐவியை வைத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. மற்ற கணக்குகள்தான் மிச்சம். காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, ஆனால் மாதவிடாயில் உதிரப்போக்கு கூடும். இம்ப்ளாண்ட் ஐந்து ஆண்டு தாங்கும். எடுக்கப் பழகிய கை வேண்டும், எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்தை உட்கொள்பவருக்கு அதன் பலனும் குறையும். ஊசியை நிறுத்தினால் கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம்.

என்னை உறுத்துவது வேறு. ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்தும், மூன்று குழுவிலும் சேர்த்து ஆண்டுக்கு நூறில் ஏறக்குறைய நான்கு பேருக்குத் தொற்று. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் தினசரி பிரெப் மாத்திரை ஆய்வின் பிற்பகுதியில்தான் சேர்ந்தது. அந்த டப்பாவையும் எங்காவது ஒளிக்க வேண்டும். 2024இல் லெனகாபவிர் என்ற எச்ஐவி தடுப்பு மருந்தின் சோதனை முடிவு வந்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அதுவும் ஊசிதான், ஆறு மாதத்துக்கு ஒரு முறை.