பனோரமாவுக்கு யாஷிகாவா, மடக்குக் கேமராவா, ஆர்பி67-ஆ?

கடலூர் சில்வர் பீச்சில் விடியற்காலையில் நின்றால், கடலும் வானமும் சேரும் அந்த நீளக் கோட்டைத்தான் பனோரமாவாக, அதாவது அகலம் மிகுந்த நீளப் படமாக, எடுக்கத் தோன்றும். 1998இல் ஹாசல்பிளாட் கொண்டுவந்த எக்ஸ்பான் கேமரா, சாதாரண 35 எம்எம் ரோலிலேயே 24க்கு 65 மில்லிமீட்டர் படம் தரும். விலைதான் எட்டாது. அதனால் அதைவிட அகலமான 120 ரோல் போடும் பழைய கேமராவில், இருபுறமும் அடாப்டர் மாட்டி 35 எம்எம் ரோலைப் போடுகிறோம். ஓரத் துளைகள் மேலும் படம் விழும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எந்தக் கேமரா என்பதை, அதில் ஃபிலிம் ஓடும் திசைதான் முடிவு செய்கிறது. யாஷிகா மேட்டில் ஃபிலிம் நெட்டுக்குத்தாக ஓடுவதால் படமும் நெட்டையாக வரும். புதுச்சேரி பழைய கலங்கரை விளக்கத்துக்கு அருமை. கடலுக்கோ கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது மேலே குனிந்து பார்க்கும் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும்.

6க்கு 9 செ.மீ. படம் எடுக்கும் மடக்குக் கேமராவில் ஃபிலிம் கிடைமட்டமாக ஓடும், எடையும் குறைவு. ஆனால் 120 ரோலுக்கு இருக்கும் முதுகுத்தாள் 35 எம்எம் ஃபிலிமில் இல்லாததால், பட எண்ணைப் பார்க்கும் சிவப்பு ஜன்னல் வழியே வெளிச்சம் புகும். அதைக் கறுப்பு டேப்பால் ஒட்டிவிட்டு, வீண் ரோல் ஒன்றில் ஒரு படத்துக்கு எத்தனை சுற்று என்று முதலில் எண்ணிப் பழக வேண்டும்.

என் தேர்வு மாமியா ஆர்பி67. ஃபிலிம் போடும் பின்பெட்டியை (பேக்) நெட்டுக்கோ கிடைக்கோ திருப்பிக்கொள்ளலாம், லென்ஸ் மாற்றலாம். லென்ஸ்தான் பெரிய விஷயம். யாஷிகாவின் 80 எம்எம்மும் மடக்குக் கேமராவின் 105 எம்எம்மும் சுமார் 40 பாகைதான் பார்க்கும். படம் நீளமாக இருக்கும், காட்சி அகலமாக இருக்காது. ஆர்பியில் 50 எம்எம் போட்டால் சுமார் 70 பாகை, எக்ஸ்பானின் 45 எம்எம்முக்குச் சமம். இருமடங்கு நீளமுள்ள 220 ரோலுக்கான பேக் வாங்குங்கள். 120 பேக் 10 படத்தோடு நின்றுவிடும், பாதி ரோல் வீண். கனம் தோளை இறக்கும், ஸ்டாண்டு கட்டாயம்.

துளைகள் வேண்டாம் என்றால் 120 ரோலிலேயே எடுத்து மேலும் கீழும் வெட்டிக்கொள்ளுங்கள், அதுவே சுலபம்.

எந்தக் கேமராவில் 35 எம்எம் போட்டாலும், ஃபிலிம் திரும்ப டப்பாவுக்குள் சுற்றாது என்பதால், ரோல் முடிந்ததும் கறுப்புப் பைக்குள் கைவிட்டுத்தான் ஃபிலிமைக் கழற்ற வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் இரண்டே நிமிடத்தில் விரல் வியர்த்து ஃபிலிமில் ஒட்டும். அதனால் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுகிறேன். அப்புறம், லேபில் கொடுக்கும்போது 'வெட்ட வேண்டாம்' என்று கவர்மேல் பெரிதாக எழுதுங்கள். எனக்கு ஒருமுறை வழக்கமான அளவில் வெட்டித் தந்ததில், கட்டுமரம் ஒன்று இரண்டு துண்டாகிவிட்டது.