போர்ட்ஃபோலியோ வேலைக்கு எந்த வாசல்: பிஎம்ஓவா, புரோகிராமா, நிதியா?

ப்ராஜெக்ட் மேனேஜராகச் சில வருடம் ஓட்டியவர்களில் பலர் அடுத்ததாகக் கண் வைப்பது போர்ட்ஃபோலியோ பக்கம், அதாவது நிறுவனத்தின் எல்லா ப்ராஜெக்ட்களையும் ஒரே தொகுப்பாகப் பார்த்து, பணமும் ஆட்களும் எதற்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. பதவிப் பெயரில் மாறுவது ஒரே ஒரு சொல். வேலை மட்டும் முற்றிலும் வேறு. ப்ராஜெக்ட் மேனேஜர் கையில் கொடுத்ததை முடித்துத் தர வேண்டியவர். போர்ட்ஃபோலியோ மேனேஜரோ, இதை ஏன் செய்கிறோம், இதே ஆட்களை வைத்து வேறு எதைச் செய்திருக்கலாம், எதை இன்றே நிறுத்தலாம் என்று கேட்க வேண்டியவர். இந்த நாற்காலிக்கு ஆட்கள் பெரும்பாலும் மூன்று பக்கங்களிலிருந்து வருகிறார்கள்: ப்ராஜெக்ட்களின் நிலவரத்தைத் திரட்டிக் கண்காணிக்கும் பிஎம்ஓ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ்), ஒன்றோடொன்று தொடர்புள்ள பல ப்ராஜெக்ட்களைச் சேர்த்து நடத்தும் புரோகிராம் மேனேஜ்மென்ட், நிதித்துறை.

மூவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைப் பார்க்க, மாதாந்திர ரிவ்யூவில் வரும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஒரு ப்ராஜெக்ட்டின் முதல் மதிப்பீடு 100. இதுவரை 60 செலவாகிவிட்டது. மீதியை முடிக்க இன்னும் 70 வேண்டும் என்று புதுக் கணக்கு வந்திருக்கிறது. கிடைக்கும் என்று சொன்ன பயன் 150. சந்தை மாறியதில் இப்போது 65. நிலவரக் கட்டத்தில் மஞ்சள் நிறம்: பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் இரண்டுக்கும் நடுவில்.

பிஎம்ஓவிலிருந்து வந்தவர் முதலில் நிறத்தைப் பிடிப்பார். இந்தக் கணக்குக்கு மஞ்சள் எப்படிச் சரியாகும், எண்களைக் கடைசியாக யார் திருத்தினார்கள் என்று குடைவார். புரோகிராம்காரர், இதை நம்பி வேறு எந்தெந்த ப்ராஜெக்ட்கள் நிற்கின்றன என்று பார்ப்பார். நிதிக்காரருக்கு அரை நிமிடம் போதும். போன 60 போனதுதான், இனி 70 போட்டு 65 எடுப்பதில் அர்த்தமில்லை, மூடுங்கள் என்பார்.

கேட்டவுடன் நிதிக்காரர் சொல்வதே சரி என்று தோன்றும். பல நேரம் சரியும்கூட. ஆனால் இது நின்றால் கூடவே நிற்கப்போகும் இரண்டு ப்ராஜெக்ட்களின் பயன் அந்த 65-க்குள் சேர்க்கப்பட்டிருக்காது. அதைக் கண்டுபிடிப்பது புரோகிராம்காரர். அந்த 65 என்ற எண்ணே போன காலாண்டுடையது என்று கண்டுபிடிப்பது பிஎம்ஓக்காரர்.

இனி வாசல் வாசலாக. பிஎம்ஓதான் நுழைய எளிது. ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், பெரிய அனுபவமும் கேட்க மாட்டார்கள். முதல் வாரத்திலேயே நிறுவனத்தின் மொத்த ப்ராஜெக்ட் பட்டியலும் கண்முன் வந்துவிடும். தன் ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் மூழ்கிக் கிடப்பவருக்கு இது பல வருடம் ஆனாலும் வாய்க்காது. ஆபத்தும் இங்கேதான் அதிகம். எக்செல்லையும் ஸ்லைடையும் மாதாமாதம் தயாரித்துக்கொண்டே காலம் போய்விடும். மேலே பச்சை, உள்ளே சிவப்பு என்று இருக்கும் தர்பூசணி ப்ராஜெக்ட்கள் எவை என்று அந்த மேசைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாய் திறக்க அதிகாரம் இருக்காது. அதனால் பிஎம்ஓ வேலைக்கு நேர்காணல் போகிறவர் தானும் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: “கடந்த ஆண்டு பாதியில் நிறுத்திய ப்ராஜெக்ட்கள் உண்டா? அந்த முடிவை எடுத்தபோது பிஎம்ஓ அறையில் இருந்ததா?” எதையுமே நிறுத்தவில்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், அங்கே நடப்பது அறிக்கை தயாரிப்பு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புரோகிராம் வழி வந்தவருக்குக் களத்தில் மரியாதை உண்டு. சிக்கல், பழக்கம். இத்தனை வருடம் தன் ஆட்களுக்காகவும் தன் பட்ஜெட்டுக்காகவும் சண்டை போட்டவர், இப்போது சண்டை போட வருகிறவர்களுக்கு ‘இல்லை’ சொல்ல வேண்டும். பழைய புரோகிராமின் மீதுள்ள பாசமும் லேசில் போகாது.

நிதி வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் பார்வையில் அதிகம் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான். போர்ட்ஃபோலியோ என்ற சிந்தனையே முதலீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. 1952-ல் பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் பங்குகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் தொகுப்பாகப் பார்க்கும் முறையை வகுத்தார். 1981-ல் ஹார்வர்டு பேராசிரியர் வாரன் மெக்ஃபார்லன் அதே பார்வையைக் கணினித் திட்டங்களுக்குக் கொண்டுவந்தார். நிதிக்காரர் தடுமாறுவது ஆட்கள் கணக்கில். ஒரு ப்ராஜெக்ட்டில் மிச்சமான பணத்தை இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம். ஆட்களை அப்படி மாற்ற முடியாது. நாலு ப்ராஜெக்ட்டுக்கு ஒரே டேட்டாபேஸ் நிபுணரைப் பெயர் போட்டு வைத்திருந்தால், பட்ஜெட் இருந்தும் மூன்று நிற்கும். ஒரு வருடமாவது டெலிவரி குழுவோடு உட்காராமல் இது பிடிபடாது.

சரி, சான்றிதழ்? இங்கே போட்டி அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் (பிஎம்ஐ) தரும் பிஎஃப்எம்பி (PfMP) என்ற போர்ட்ஃபோலியோ சான்றிதழுக்கும், பிரிட்டன் அரசு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து வந்து இப்போது பீப்பிள்செர்ட் என்ற தேர்வு நிறுவனம் நடத்தும் எம்ஓபிக்கும் (MoP, மேனேஜ்மென்ட் ஆஃப் போர்ட்ஃபோலியோஸ்). பிஎஃப்எம்பி 2014-ல் வந்தது. எட்டு வருடத் தொழில் அனுபவம் கேட்கிறது. அதற்கு மேல் போர்ட்ஃபோலியோ அனுபவம் பட்டதாரிக்கு நான்கு வருடம், மற்றவர்களுக்கு ஏழு. விண்ணப்பத்தை முதலில் ஒரு குழு படித்துப் பார்க்கும். அதைத் தாண்டினால்தான் நான்கு மணி நேரத்தில் 170 கேள்விகள். எம்ஓபி அடிப்படைத் தேர்வுக்கு முன் அனுபவம் எதுவும் தேவையில்லை. எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் வரையறைச் சுழற்சி, அதை நடத்திக்கொண்டு போகும் டெலிவரிச் சுழற்சி என்று பாடத்தை இரண்டாகப் பிரித்துத் தருவது புதியவருக்கு நல்ல பிடிமானம்.

ஆக, பிஎஃப்எம்பி கதவைத் திறக்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு முத்திரை குத்தும், அவ்வளவுதான். உள்ளே வர நினைப்பவர் அதற்குப் படிப்பதைவிட, எம்ஓபியை முடித்துவிட்டு தன் நிறுவனத்தின் மூலதனச் செலவு ஒப்புதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது மேல். வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் அஜைல் பாணியைப் பெரிய நிறுவனங்களுக்கு விரிப்பது சேஃப் (SAFe) முறை. அதன் லீன் போர்ட்ஃபோலியோ பயிற்சி, அந்த முறை நடக்கும் நிறுவனத்தில் இருப்பவருக்குப் பயன்படும். மற்றவர்கள் தள்ளிப்போடலாம். தாமதத்தால் வரும் இழப்பை வேலையின் அளவால் வகுத்து வரிசை போடும் அதன் கணக்கு, எதை முதலில் செய்வது என்று நன்றாகச் சொல்லும். செய்யவே வேண்டுமா என்ற கேள்விக்குள் போகாது.

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், முப்பதுக்குக் கீழே இருப்பவருக்கு நான் சொல்வது பிஎம்ஓ, ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் நிதித்துறையோடு சேர்ந்து வருடாந்தர பட்ஜெட் சுற்று ஒன்றையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் டெலிவரியில் இருந்தவருக்குப் புரோகிராம் வழியே இயல்பானது. அப்புறம், ஒன்றைக் கட்டி முடித்துக் கையில் கொடுக்கும் திருப்திக்காகவே வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மூன்று வாசலும் வேண்டாம். பெரிய புரோகிராம்களிலேயே மேலே போகலாம். போர்ட்ஃபோலியோ மேசையில் எதுவும் முடிவதில்லை, அடுத்த காலாண்டுப் பட்டியல்தான் வரும்.