ஃப்ளையிங் சர்க்கஸ்: எதிரியைவிட விமானம்தான் பெரிய தொல்லை

முதல் உலகப்போர் விமானச் சண்டை சிமுலேட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், ரட்டர் பெடல், அதாவது விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பக் காலால் மிதிக்கும் பெடல், இருக்கிறதா? இருந்தால் 'ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற கணினி கேமின் முதல் தொகுதியைத் தாராளமாக வாங்குங்கள். பெடலும் இல்லை, முறுக்கித் திருப்புகிற ஜாய்ஸ்டிக்கும் இல்லை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள், கீபோர்டை வைத்துக்கொண்டு இதில் ஒன்றும் கிழிக்க முடியாது.

காரணம், இதில் வரும் சோப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். இதன் ரோட்டரி என்ஜினில் சிலிண்டர்கள் மொத்தமும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும், மூக்கில் அவ்வளவு எடை சுழன்றால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்குமா? வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே இறங்கும், இடப்பக்கம் திருப்பினால் மேலே ஏறும், இரண்டுக்குமே இடது ரட்டரைத்தான் மிதிக்க வேண்டும். நிஜத்தில் பயிற்சியிலேயே நிறைய பேரைக் காவு வாங்கிய விமானம் இது. அந்தச் சண்டித்தனத்தை மழுப்பாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த கேமில் பிடித்ததே அதுதான். பழகிய பிறகு வலப்பக்கம் சட்டென்று ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள், வாலைப் பிடித்து வந்த ஜெர்மன் அல்பட்ரோஸ் விமானம் எங்கோ போயிருக்கும்.

'ரெட் பாரன்' என்று பெயர்பெற்ற ஜெர்மன் விமானி ரிச்ட்ஹோஃபெனின் சிவப்பு விமானம் என்று எல்லோரும் முதலில் ஏறுவது ஃபாக்கர் டிஆர்.1. நன்றாக மேலேறும், வட்டமடிக்கும், வேகம்தான் கிடையாது. எதிரே வரும் பிரெஞ்சு விமானம் ஸ்பாட் 13 ஓட முடிவு செய்துவிட்டால் பின்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சண்டை போட்டு ஜெயிக்கத்தான் வேண்டும் என்றால் ஃபாக்கர் டி.7 எடுங்கள். 1918 நவம்பர் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஜெர்மனியிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கச் சொன்னார்கள் என்றால் அது எப்படிப்பட்ட விமானமாக இருந்திருக்கும்!

நான் அதிகம் ஓட்டுவது எஸ்.இ.5ஏ என்ற பிரிட்டிஷ் விமானம். வளைவதில் சுமார்தான், ஆனால் வேகம் உண்டு, டைவ் அடித்தாலும் தாங்கும். மேல் இறக்கைக்கு மேலே லூயிஸ் துப்பாக்கி, 97 குண்டு தீர்ந்தால் குண்டுகள் அடங்கிய டிரம்மை மாற்ற வேண்டும், அதற்குள் யாராவது பின்னால் வந்துவிடுவார்கள். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் 1918 ஜூலையில் பத்து வெற்றிகளைக் குவித்தது இந்த விமானத்தில்தான். அதே மாதம் 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டபோது அவருக்கு வயது 19, பிரிட்டிஷ் விமானிகளுக்கு அப்போது பாராசூட்டும் கிடையாது.

குறைகள்? கணினி ஓட்டும் எதிரிகள் கொஞ்ச நேரத்தில் தாழ இறங்கி ஒரே வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள், அலுப்புத் தட்டுகிறது. ஆன்லைனில் மனிதர்களோடு மோதினால்தான் சுவாரஸ்யம். தொகுதி தொகுதியாகத் தனித்தனியே விற்பதும் பர்சைப் பதம் பார்க்கும், அதனால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஆஃபர் வரும்வரை பொறுங்கள். தனியாக உட்கார்ந்து ஒரு படைப்பிரிவில் சேர்ந்து போர் முழுக்கப் பறக்க ஆசைப்படுபவர்களுக்கு 'விங்ஸ் ஓவர் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' என்ற இன்னொரு சிமுலேட்டர்தான் சரி. 2002இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் மேல் கட்டியது என்பதால் பார்க்கப் பழசாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விஆர் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்காமல் ஃப்ளையிங் சர்க்கஸ் பக்கம் வரலாம்.