வெள்ளம் தாங்கும் மரபணுவைத் தேட: ஒப்புமையா, பொறிக்கற்றலா, தர்க்கமா?

2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காலபோக வயல்கள் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, நீருக்கடியில் தாக்குப்பிடிக்கும் நெல்லின் மரபணுவைத் தேடுவது ஆய்வுகூடத்தோடு முடிந்துபோகும் வேலையல்ல. அத்தகைய மரபணுவின் தொழிற்பாட்டைக் கணினியால் ஊகிக்கும் வழிகளுள் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

புதிய மரபணுவின் டிஎன்ஏ வரிசையைத் தெரிந்த மரபணுக்களின் வரிசையோடு ஒப்பிடுவது பழைய வழி. அது விரைவானது, ஆனால் குடும்பப் பெயருக்கு அப்பால் அதிகம் சொல்லாது. ஒடிசாவின் நெல்லொன்றிலிருந்து 2006இல் இனங்காணப்பட்ட சப்1ஏ என்ற மரபணு, வெள்ளத்தில் பயிர் நீளுவதை அடக்கி மாச்சத்தைச் சேமிக்கிறது. 2009இல் அறிவிக்கப்பட்ட ஸ்னோர்க்கல் மரபணுக்களோ ஆழ்நீர் நெல்லை விரைவாக நீளச்செய்து நீருக்கு மேலே கொண்டுவருகின்றன. இரண்டும் எதிலீன் என்ற தாவர ஓமோனுக்குத் துலங்கி மற்ற மரபணுக்களை இயக்கும் காரணிகளின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வரிசை ஒப்புமை அந்தக் குடும்பத்தைக் காட்டும், எதிரெதிரான தொழிற்பாட்டைக் காட்டாது. சில நாட்களில் வடிந்துவிடும் வெள்ளத்துக்கு முன்னதே உதவும். பின்னதால் பயிர் சாய்ந்துவிடும்.

பொறிக்கற்றல் மாதிரிகள், அதாவது தரவுகளிலிருந்து தாமே கற்கும் கணினி நிரல்கள், பெருந்தொகையான புரத வரிசைகளில் பயின்று, ஆயிரக்கணக்கான மரபணுக்களை வரிசைப்படுத்தித் தரக்கூடியவை. ஆனால் அவை பெரும்பாலும் தருவது மதிப்பெண். அதற்கான காரணத்தை அவற்றிடம் கேட்டறிவது கடினம்.

தெரிந்த கூற்றுகளிலிருந்து விதிப்படி முடிவுகளை வருவிக்கும் தர்க்க வழியின் வலு இங்கேதான் தெரிகிறது. பிரித்தானியாவில் ரொஸ் கிங் குழுவினர் உருவாக்கிய 'ஆதாம்' என்ற ரோபோ, மதுவத்தின் (ஈஸ்ட்) அனுசேபப் பாதைகளை, அதாவது கலத்தினுள் நடக்கும் வேதி மாற்றங்களின் தொடர்களை, தர்க்கக் கூற்றுகளாக வைத்துக்கொண்டு, மரபணு தெரியாதிருந்த நொதியங்களுக்கு எந்த மரபணு பொறுப்பாக இருக்கலாம் என்று கருதுகோள் அமைத்தது. பின்னர் அந்த மரபணு நீக்கப்பட்ட மதுவத்தை வெவ்வேறு ஊடகங்களில் வளர்த்து, வளர்ச்சி மாறுகிறதா என்று தானே அளந்தது. 2009இல் வெளியான முடிவுகளின்படி, 13 நொதியங்கள் பற்றிய 20 கருதுகோள்களில் 12 உறுதியாயின. ஒவ்வொரு ஊகத்தோடும் அதைச் சோதிக்கும் வழியும் கூடவே வந்தது.

மதுவத்தில் சில நாட்களில் கிடைக்கும் விடைக்கு, நெல்லில் ஒரு போகம் முழுவதும் காத்திருக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற இடத்தில் கணினி நேரத்தைவிட வயல் சோதனையே விலை கூடியது. ஆகவே பொறிக்கற்றலால் பட்டியலைச் சுருக்கி, வயலுக்குப் போகும் இரண்டு மூன்று மரபணுக்களைத் தர்க்க விதிகளால் தெரிவுசெய்வதையே நான் விரும்புவேன். தர்க்கத்துக்கு முன்னறிவு வேண்டும். நெல்லைப் பற்றிய முன்னறிவு மதுவத்தினதைப்போல ஒழுங்காகத் தொகுக்கப்படவில்லை. ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டு நெல்கள் எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தன, எவ்வளவு நீண்டன, நீர் வடிந்தபின் துளிர்த்தனவா என்பவற்றை வயல்வயலாகப் பதிந்து கூற்றுகளாக்கும் பணியை முதலில் தொடங்க வேண்டும்.