டிரம்ஸ் தனி வகுப்பு: சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மகளை டிரம்ஸ் தனி வகுப்பில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சில வருடங்களாக ஓர் ஆசிரியரிடம் தனியாகக் கற்றுவருகிறேன் என்பதால் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வகுப்பின்மீது எனக்கு இருக்கும் நன்றியையும் மனத்தாங்கலையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தனி வகுப்புக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஆசிரியரின் காதுக்குக் கொடுக்கும் பணம் என்றே நினைக்கிறேன். ஒற்றைப் பாரடிடில் என்பது இரு கைகளுக்குமான ஓர் அடிப்படைப் பயிற்சி: வலது, இடது, வலது, வலது. பிறகு இடது, வலது, இடது, இடது. ரப்பர் பேடில் இதை வாசிக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் எனக்கு முதுகு காட்டி நின்றுகொள்வார். கையைப் பார்க்காமலேயே, இடக்கையின் இரட்டை அடியில் இரண்டாவது அடி மெலிந்துபோவதைச் சரியாகச் சொல்லிவிடுவார். முதல் அடியை மணிக்கட்டு அடிக்கிறது. இரண்டாவதைக் குச்சியின் துள்ளலே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் அது வலுவிழந்துதான் விழும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குச்சியை ஏந்திக்கொண்டு, மற்ற விரல்களால் அந்தத் துள்ளலை வாங்கி மறுபடி கீழே செலுத்த வேண்டும் என்று, என் விரல்களை ஒவ்வொன்றாகக் குச்சியின்மேல் மடக்கிவைத்துக் காட்டினார். எத்தனை காணொளி பார்த்தாலும், எந்தக் காணொளியும் என் இடக்கையைக் கேட்கப்போவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் எதிர்பாராத இன்னொரு செல்வமும் அங்கே கிடைத்தது. ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் அவர் வரலாற்றிலிருந்துதான் பதில் சொல்வார். இடக்கையில் குச்சியை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பிடிக்கும் பழைய பிடியை எடுத்துக்கொள்வோம். படைவீரர்களோடு நடந்தபடி வாசித்தவர்கள் டிரம்மைத் தோள்பட்டையில் மாட்டி ஒரு பக்கமாகத் தொங்கவிட்டார்கள். டிரம் சாய்ந்திருந்ததால் இடக்கை அந்த வாக்கில்தான் வசதியாகப் போய்ச்சேர முடிந்தது. டிரம் தாங்கியில் ஏறி நேராக நின்ற பிறகும் பல தலைமுறைகள் அதே பிடியில் வாசித்தன. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இரண்டு கைகளையும் ஒரே மாதிரி பிடித்து வாசித்ததைத் தொலைக்காட்சியில் கண்ட இளைஞர்கள் பலர் அந்தப் பிடிக்கு மாறினார்கள். நான் அலுப்போடு சாதகம் செய்த ருடிமென்ட்களும், அதாவது பாரடிடில் போன்ற அடிப்படை அடவுகளும், படையிலிருந்து வந்தவையே. கண் விழிக்க, உணவுக்குக் கூட, அணிவகுக்க, பின்வாங்க என்று ஒவ்வோர் ஆணையும் டிரம் ஒலியாகவே போய்ச்சேர்ந்த காலத்தில் உருவான அந்த அடவுகளில் பதின்மூன்றை, 1933இல் அமெரிக்காவில் கூடிய ருடிமென்ட் வாசிப்பாளர்களின் சங்கம் இன்றியமையாதவை என்று வகுத்தது. இன்று வழங்கும் நாற்பது ருடிமென்ட் பட்டியலைத் தாளக்கருவி வாசிப்பாளர்களின் அமைப்பான பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984இல் ஏற்றுக்கொண்டது.

என் மனத்தாங்கலை வளர்த்ததும் இதே வரலாறுதான். அவர் சொன்ன எந்தக் கதையிலும் டிரம் வாசிப்பவர் தனியாக இருந்ததே இல்லை. அவருக்குப் பக்கத்தில் குழலூதுபவர் இருந்தார், பின்னால் நடக்கும் கால்கள் இருந்தன. டிரம் செட் என்ற கருவி பிறந்ததே பிறருக்காகத்தான். நாடக அரங்கின் மேடையடியில் இடமும் பணமும் குறைந்தபோது, சிறிய ஸ்நேர் டிரம்மையும் பெரிய பேஸ் டிரம்மையும் ஒருவரே குச்சியால் மாறி மாறி வாசிக்க நேர்ந்தது. பேஸ் டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல்கள் முன்பே இருந்தன என்றாலும், 1909இல் லுட்விக் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த பெடல்தான் வேகமான நடன இசைக்கு ஈடுகொடுத்தது. அதன்பின் பேஸ் டிரம் காலின் பொறுப்பாயிற்று, இரண்டு கைகளுக்கும் விடுதலை கிடைத்தது. ஜாஸ் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் காலப்பிரமாணத்தை ஹை-ஹாட் என்ற, காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டுக்குக் கொண்டுபோனார். இன்னொரு ஜாஸ் டிரம்மர் கென்னி கிளார்க் அதை ரைடு சிம்பல் என்ற பெரிய ஒற்றைத் தட்டுக்கு மாற்றி, பேஸ் டிரம்மை இடையிடையே அழுத்தம் கொடுப்பதற்காக வைத்துக்கொண்டார். தனியாக வாசிப்பவருக்கு இவற்றால் பெரிய லாபம் எதுவும் இல்லை. அருகில் சாக்ஸபோனோ பியானோவோ பேசும்போது அதற்கு இடம்விடவும், பதில் சொல்லவும் வந்த மாற்றங்கள் இவை.

இத்தனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், வாரந்தோறும் என்னை, சீரான இடைவெளியில் ஒலித்துக் காலத்தைக் காட்டும் மெட்ரோனோம் கருவியோடு தனியே உட்காரவைத்தார். மெட்ரோனோம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்பதை அதுபோல் ஒளிவுமறைவின்றிக் காட்டும் துணை வேறில்லை. ஆனால் அது யாருக்காகவும் நிற்காது, நான் வாசிப்பதைக் கேட்டு மாறவும் மாறாது. முதன்முறை ஒரு குழுவோடு உட்கார்ந்தபோது, பாடகர் வரியின் கடைசிச் சொல்லை நீட்டினார்; கிட்டாரும் பேஸ் கிட்டாரும் அவருக்காகப் பொறுத்திருந்தன; டிரம்ஸ் மட்டும் அதே கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. பாடுபவரின் மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை அந்த வகுப்பில் யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. இத்தனை காலம் பணம் கட்டிக் கற்ற ஒருவருக்கு இது தெரியாமல் போகலாமா என்று அன்று எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். முதலில் கை சுத்தமாகட்டும், மனிதர்கள் பிறகு வருவார்கள் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரட்டை அடி மெலிந்த கையோடு குழுவில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கும் சிரமம்தான். ஆனாலும் இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. படைச் சிறுவர்கள் ருடிமென்ட் பழகியது குழலோசைக்குப் பக்கத்தில் நின்றுதான். கையும் காதும் அவர்களுக்குச் சேர்ந்தே பழகின. ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியர் கீபோர்டில் ஒரு எளிய மெட்டை, வேண்டுமென்றே சற்றுத் தாமதித்தும் முந்தியும் வாசித்தாலே போதும். அவரால் அது முடியும். ஒரே ஒரு நாள் அப்படி வாசித்தார், அதுதான் நான் கற்றவற்றிலேயே சிறந்த பாடம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். என் ஆசிரியரைப் போன்ற காது எளிதில் கிடைக்காது என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறேன். சேர்ப்பதற்கு முன், வகுப்பில் மகளோடு சேர்ந்து யார் வாசிப்பார்கள் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வரவில்லை என்றால், பாடவோ கிட்டார் வாசிக்கவோ தெரிந்த தோழி ஒருத்தியை முதலில் தேடிக்கொடுங்கள். ஆசிரியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் விலகிவிட்டேனா என்றும் கேட்டிருந்தார். விலகவில்லை. அடுத்த பருவத்துக்கும் பணம் கட்டியிருக்கிறேன், இடக்கை இன்னும் சரியாகவில்லை.